பிலோமினாவுக்கு நாற்பது வயது

1

சென்ற பிப்ரவரியில் எனக்கு நாற்பதாவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். எனக்கு வயது முப்பத்தேழு.

இந்த நாட்டில் பத்துப் பத்தாக வரும் வயதுகளுக்குத் தனி மரியாதை. முப்பது, நாற்பது, ஐம்பது என்றால் சும்மா விட மாட்டார்கள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில், எங்கள் பிரிவின் தேநீர் அறையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் கேக் வைத்து, அதன்மேல் சாக்லேட்டால் ‘பிலோமினா 40’ என்று எழுதியிருந்தார்கள். என் கணவர் எர்ன்ஸ்டையும் மகள் மோனிகாவையும் எனக்குத் தெரியாமலே வரவழைத்திருந்தார்கள். எல்லோரும் பாடினார்கள். கத்தியைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். அந்தப் பெயரின்மேல் கத்தி வைக்க மனமில்லாமல் ஓரமாக வெட்டினேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பிலோமினா என் அக்கா. அன்றைக்கு நாற்பது வயது ஆனது அவளுக்கு. தர்மபுரி மாவட்டத்தில், காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஒரு சத்துணவுக் கூடத்தில், நான் கேக் வெட்டிய நேரத்தில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு அண்டா கழுவிக்கொண்டு இருந்திருப்பாள். அங்கே அவள் பெயர் சகாயமேரி. அது என் பெயர்.

இருபது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. எர்ன்ஸ்டுக்குக்கூட இன்று காலைவரை தெரியாது. இப்போது எழுதும்போதும் பெயர்களையும் ஊரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல.

2

எங்கள் பக்கத்தில் காட்டுக்கு நடுவே முதலில் கொட்டாய் போட்டுக் குடியேறுகிறவர் பெயர்தான் அந்த இடத்துக்குப் பெயர். எங்கள் அப்பா ராயப்பன் போட்டது ராயப்பன் கொட்டாய். பின்னால் பதினைந்து வீடுகள் வந்துவிட்டன. பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், மீதிப் பேர் மற்ற குடியானவர்கள். எல்லோருக்கும் ஒரே ஏரித் தண்ணீர்.

வருடத்துக்கு ஒருமுறை ஏரி வாய்க்கால் தூர் எடுப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது ஊர்க் கட்டு. மணியக்காரர் நோட்டைப் பிரித்து வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிடுவது குடும்பத் தலைவர் பெயரை. பதில் சொல்வது அந்த வீட்டில் யாராக இருந்தாலும் சரி. “ராயப்பன்!” என்பார். பத்து வயதுப் பெண்ணாக நான் கூடையோடு நின்று “இருக்குறேங்க” என்பேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நோட்டில் அப்பாவின் பெயர் இருந்தது, வாய்க்காலில் நான் இருந்தேன், கணக்கு சரியாகிவிட்டது. இதில் தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பழக்கம்தான் பிறகு எங்களைக் கவிழ்த்தது.

அம்மா சீக்கிரமே இறந்துவிட்டாள். அக்கா மடத்துப் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எங்கள் கொட்டாயில் முதலில் தேறியது அவள்தான். நான் ஒன்பதாவதோடு நின்று மாடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஜெர்மனியில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை அனுப்ப மடத்தில் ஒரு பட்டியல் எடுத்தார்கள். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். அக்கா பெயர் வந்தது. மடத்துத் தலைவியான மதர் கொடுத்த சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்கா ஜெர்மன் வார்த்தைகளைப் படித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட ‘குட்டன் மோர்கன்’ என்பாள்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். தன் மகனுக்கு அக்காதான் உரிமை என்று சொல்லிவிட்டுப் போகாமல் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவால் தங்கச்சியிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. கல்யாணம் முடிவானது. பட்டியலில் வந்த இடம் வீணாகப் போகிறதே என்றுதான் அவருக்குக் கவலை.

“பேரு வந்துட்டுது. ஆளுதானே மாறுது?” என்றார் அப்பா. “ரெண்டும் எம் புள்ளைங்கதான். வூட்டுக்கு ஒரு ஆளு போனா சரி.”

அக்காவைத் தேர்ந்தெடுத்த மதர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்கள் முகம் தெரியாது. அக்காவின் ஞானஸ்நான சர்டிபிகேட், அக்காவுக்குச் சர்டிபிகேட்டாகக் கொடுத்திருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், என் போட்டோ. பாஸ்போர்ட் வந்துவிட்டது.

புறப்படுகிற அன்று அக்கா தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி என் பெட்டியின் அடியில் வைத்தாள். அவளுக்குப் போக ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அழவில்லை. “பேர கெடுத்துப்புடாத புள்ள” என்றாள். ஊரில் வெளியூர் போகிற எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான்.

3

வந்த முதல் வாரம் எனக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வகுப்பில் ‘ஷ்வெஸ்டர் பிலோமினா’, அதாவது நர்ஸ் பிலோமினா, என்று கூப்பிடுவார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டு தடவை, மூன்று தடவை ஆனது. பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போய்த் தலையில் கருவி மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினேன். காதில் கோளாறு இல்லை, கவனம்தான் போதாது என்று எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு தினமும் கண்ணாடி முன்னால் நின்று ‘பிலோமினா’ என்று நானே கூப்பிட்டு, நானே ‘யா’ என்று பதில் சொல்லிப் பழகினேன்.

ஆறேழு மாதத்தில் பழகிவிட்டது. காது பழகியது, மனசு பழகவில்லை. அரசு அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அக்காவின் பிறந்த தேதியை வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டே போவேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று ஒரு பக்கம் உண்டு. அக்காவின் வலது முழங்கைக்கு மேலே நீளமான தழும்பு என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சின்ன வயதில் மாட்டுக் கொம்பு கிழித்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருவர் ஒரு நாள் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். என் கையைப் பார்த்தார். நான் அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். “நல்ல தோல் உங்களுக்கு, தழும்பே மறைந்துவிட்டது” என்று சொல்லி முத்திரை குத்தினார். வெளியே வந்து தெருவோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது. “பிலோமினா, இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்கிறாயா?” என்று சாமியார் கேட்டார். ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். பீடத்துக்கு முன்னால் அக்காவின் பெயரில் கொடுத்த வாக்கு செல்லுமா என்று இன்றுவரை எனக்குப் பயம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சின்னச் சின்னப் பாவமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. ரோமாபுரியில் புனித பிலோமினாளின் திருநாளையே நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அதே சாமியார் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

நான் இங்கே பிலோமினா ஆன அதே வருடங்களில் ஊரும் சும்மா இருக்கவில்லை. நான் அனுப்பிய பணத்தில் அப்பா ஓட்டு வீடு கட்டினார். தாலுகாவில் அதை ‘ஜெர்மன் வூடு’ என்றார்கள். பிறகு பஸ் நிற்கிற இடம் ‘ஜெர்மன் வூட்டு ஸ்டாப்’ ஆனது. ராயப்பன் கொட்டாய் என்றால் கண்டக்டருக்கே தெரியாதாம். கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு அது ஒரு குறை. “முள்ளு வெட்டிக் கொட்டாய் போட்டவன் நானு, பேரு ஜெர்மனுக்கா?” என்று கேட்பாராம்.

அக்காவின் புருஷன் கரும்பு ஏற்றிக்கொண்டு பாலக்கோடு ஆலைக்குப் போன டிராக்டரிலிருந்து விழுந்து இறந்துபோனார். கைக்குழந்தையோடு அக்கா அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அவளை ஊரில் ‘ஜெர்மன்காரி அக்கா’ என்றார்கள். பிலோமினா என்று கூப்பிட ஆள் இல்லை. அந்தப் பெயர் ஜெர்மனியில் இருக்கிறது என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பள்ளிக்கூடங்களில் சத்துணவு போட ஆரம்பித்தபோது கூடத்துக்கு ஓர் அமைப்பாளர் தேவைப்பட்டார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்ணாக, விதவையாக இருந்தால் முதலிடம் என்றார்கள். எங்கள் பகுதியில் அப்படி ஒருத்தி அக்காதான். அவள் எனக்கு எழுதினாள். பேசுவது போலத்தான் எழுதுவாள்.

“சகாயம், எம் புஸ்தகத்த அனுப்பு புள்ள. மனு குடுக்க பத்து நாளுதான் இருக்குதாம். புஸ்தகம் இல்லாட்டி அதுல இருக்கிற நம்பரையாச்சும் எழுது. டூப்ளிகேட்டு வாங்கிக்கிலாம்னு சொல்றாங்க.”

அந்தக் கடிதம் வந்த அதே மாதம் என் ஜெர்மன் குடியுரிமை மனு பரிசீலனையில் இருந்தது. தூதரகம் வழியாக ஊரில் விசாரிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே நம்பரில் இரண்டு பிலோமினா இருந்தால் என்ன ஆகும்? மோனிகாவுக்கு ஏழு வயது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். புத்தகம் என் துணி அலமாரியில், அக்கா சுற்றிக் கொடுத்த அதே பிளாஸ்டிக் தாளில் இருந்தது. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது, நம்பர் நினைவில்லை என்று எழுதிவிட்டேன். எழுதிய கை என் கைதான். அதற்கு நான் அப்பாவையோ அத்தையையோ குறை சொல்ல முடியாது.

அமைப்பாளர் வேலை அக்காவுக்குப் பள்ளியில் மூன்று வகுப்பு கீழே படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. சமையல் ஆயா வேலைக்குச் சர்டிபிகேட் எதுவும் வேண்டாம், பெயரும் வயதும் போதும். பிலோமினா வெளிநாட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். வீட்டில் சும்மா கிடந்தது என் ஞானஸ்நானச் சீட்டுதான். அதைக் கொடுத்து அக்கா சகாயமேரி என்று சேர்ந்தாள்.

5

இரண்டு வருடம் முன்பு மோனிகாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எர்ன்ஸ்டுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு நிம்மதி. வீட்டில் என்னை எல்லோரும் சகாயம், சகாயம் என்று கூப்பிட, மோனிகா கேட்டாள்: “சகாயம் என்றால் தமிழில் தங்கை என்று அர்த்தமா அம்மா?” ஆமாம் என்றேன். அவள் தமிழ் என்று தெரிந்து வைத்திருப்பது பத்துச் சொல். அதில் ஒன்றை நானே தப்பாகக் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா வேலை செய்வதைப் பார்க்கப் போனேன். கூடத்துக்குள் புகை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய கரண்டியால் சாதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேலே அந்தத் தழும்பு வேர்வையில் பளபளத்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு “ஆயா, சோறு ஆயா” என்று கத்தினார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் தணிக்கைக்கு வந்தார். அமைப்பாளர் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

“சகாயமேரி!”

“இருக்குறேங்க” என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக யாரும் ஒரு நோட்டைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என் சில்க் புடவையையும் கைப்பையையும் பார்த்தார்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “நாந்தாங்க சார் சகாயமேரி. இது எங்கூடப் பொறந்தது. ஜெர்மன்ல இருக்குது. என்னக் கூப்புட்டதும் எனக்காவ அது பதில் சொல்லிட்டுது.”

“அவங்க பேரு என்னம்மா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத்தான் பார்த்தாள். “பிலோமினாங்க” என்றாள். “எஸ்.எஸ்.எல்.சி. படிச்சதுங்க.”

அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் போய்ச் சோறு போட ஆரம்பித்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டும்.

6

அப்பா போன வருடம் இறந்தார். இந்த ஜனவரியில் அக்காவின் கடிதம் வந்தது. அமைப்பாளர் மாற்றலாகி ஓசூர் போகிறாளாம், இடம் காலியாகிறதாம்.

“நாப்பதுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. இந்த ஆயா வேலைய வுட்டுட்டு எம் பேர்லயே புதுசா மனு போடலாம்னு ஒரு நெனப்பு புள்ள. எம் பேர்ல ஒரு கையெழுத்துப் போட்டுப் பாக்கணும்னு ஆசையா இருக்குது. புஸ்தகம் எங்கியாச்சும் கெடக்குதான்னு ஒருக்கா தேடு.”

இப்போது எனக்குக் குடியுரிமை இருக்கிறது, வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. ஆனாலும் பழைய பயம் விடவில்லை. முன்பு பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. தேடினேன், கிடைக்கவில்லை என்று மறுபடியும் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேக். மேலே சாக்லேட்டில் எழுதியிருந்த நாற்பதைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அக்கா மனு போட மிச்சமிருந்த நாள் கணக்குதான். வீட்டுக்கு எடுத்துவந்த மிச்சத் துண்டை மோனிகா தின்றுகொண்டிருந்தாள். நான் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். மறுநாள் காலையில் தபால் ஆபீசுக்குப் போனேன்.

இத்தனை வருடமும் கடிதங்களை அப்பா பெயருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். சாதாரணக் கடிதம் என்பதால் அவர் இறந்த பிறகும் ராயப்பன் என்று எழுதினால் வீட்டில் போட்டுவிடுவார்கள். இது பதிவுத் தபால். உயிரோடு இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நான் தயங்கவில்லை. உறையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: பிலோமினா, த/பெ ராயப்பன், ராயப்பன் கொட்டாய். அவள் பெயரை அவளுக்கே எழுதியதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளே கடிதம் வைக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

7

மே மாதம் அந்த உறை திரும்பி வந்தது. மூலை நைந்து, இரண்டு நாட்டு முத்திரையும் குத்தி இருந்தது. மேலே சிவப்பு மையில் தமிழில் ஒரு வரி: ‘பெறுபவர் ஜெர்மனியில் உள்ளார்.’ திருப்பி வாங்கிக்கொள்ள நான் கையெழுத்துப் போட்டேன். பிலோமினா என்றுதான் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அக்காவின் கடிதம்.

“சகாயம், உம் பேர்ல சொல்லிக்காம ஒரு ரிஜிஸ்டர் வந்துச்சு. பழைய போஸ்ட்மேன் ரிட்டைராயிட்டாரு. புதுசா வந்தவரு நேரா சத்துணவுக் கூடத்துக்கே கொண்டாந்துட்டாரு. எல்லாரும் நின்னுகிட்டிருந்தாங்க. பிலோமினா யாருன்னாரு. கை நீட்டப் போயிட்டேன் புள்ள. கையெழுத்துப் போட்டா சகாயமேரி யாருன்னு கேப்பாங்களே. அவ இங்க இல்லீங்க, ஜெர்மன்ல இருக்கறான்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். அமைப்பாளரு வேலைக்கு வேற ஆளு வந்துட்டுது, அதப் பத்தி நீ கவலப்படாத. புஸ்தகம் தொலஞ்சதுக்கு நீ என்னா பண்ணுவ. ரிஜிஸ்டருல என்னா அனுப்பியிருந்த? புள்ளைக்குக் கவுனா?”

மூன்று வாரமாக அந்தக் கடிதம் மேஜைமேல் இருக்கிறது. இன்று காலை எர்ன்ஸ்டை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “அப்படியானால் உன்னை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டார். இன்னும் வரவில்லை.

அவர் வருவதற்குள் அக்காவுக்கு எழுதிவிட்டேன். ‘அக்கா, கவுன் இல்லை. உன் புத்தகம். அது தொலையவே இல்லை, இருபது வருடமாக என்னிடம்தான் இருந்தது. இரண்டு தடவையும் பொய் சொன்னேன்.’ வேறு எதுவும் எழுத வரவில்லை. அதைப் புத்தகத்துக்குள் வைத்து, பழைய பிளாஸ்டிக் தாளிலேயே சுற்றி, புது உறைக்குள் போட்டு ஒட்டினேன். பேனாவை எடுத்துப் பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில் ‘சகாயமேரி, சத்துணவு ஆயா’ என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் அவள் கைக்குப் போய்ச் சேரும்.